புகைக்கூண்டை வரைந்த கப்பித்தான்

சிலுவைத்துறைக்குக் கரண்டு வந்த மறுவருடம், பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, இருநூறு வருடத்துக்கு முந்திய ஓர் இங்கிலீஷ் கப்பல் மூன்று பாய்மரத்தோடும் பாய்களில் முந்நூறு ஒட்டுகளோடும் வந்து கரைக்கு முக்கால் மைலில் நங்கூரம் போட்டபோது எஸ்கலின் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். சட்டியை இறக்கிவிட்டுத்தான் எழுந்து போனாள். கப்பல் எங்கேயும் போய்விடாது, நெத்திலி கருகிவிடும்.

சுங்க அதிகாரி ஒருவர் பஸ் பிடித்து வந்து, கட்டுமரத்தில் போய்க் கப்பலைச் சுற்றிப் பார்த்து, தன் படிவத்தில் இதற்கென்று கட்டம் எதுவும் இல்லாததால் ‘பாய்க்கப்பல், பழசு’ என்று ஓரத்தில் எழுதி, டீ குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அரசாங்கம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மாலுமிகள் கரைக்கு வந்து மீனுக்கும் வாழைத்தாருக்கும் பதிலாக இரும்பாணி கொடுத்தார்கள். நாலாவது வாரம் ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சட்டை மாட்ட ஆணி இருந்தது, கப்பலில்தான் பலகைகள் இளித்துக்கொண்டு நின்றன. எஸ்கலின் மட்டும் ஆணி வேண்டாமென்றாள். மாலுமிகளின் ஈறுகளில் ரத்தம் கசிவதைப் பார்த்து, “பல்லு கொட்டிப் போற மாதிரி இருக்கானுவளே” என்று திட்டிக்கொண்டே இரண்டு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். ஈறு ஆறியது. அன்றிலிருந்து கப்பித்தான் அவளுடைய எலுமிச்சையை மருந்து என்று நம்பினார்.

கப்பித்தான் பெயர் எலியாஸ் தோர்ன்பி. நெட்டையான, கொஞ்சமும் சிரிக்காத மனிதர். தெற்கே ஒரு பெரிய கண்டம் இருக்கிறது, கண்டுபிடித்து வா என்று அவருடைய ராஜா இரண்டு தடவை அனுப்ப, இரண்டு தடவையும் உலகத்தைச் சுற்றிப் பனிக்கட்டியைத் தவிர ஒன்றும் காணாமல் திரும்பி, மூன்றாம் தடவை, கண்ணில் பட்ட கரை எதையும் வரையாமல் விடாதே என்ற உத்தரவோடு புறப்பட்டு, ஒரு மூடுபனிக்குள் நுழைந்து வெளியே வந்தபோது எதிரே சிலுவைத்துறை இருந்தது. ஊரில் கான்வென்ட்டில் படித்தவள் எஸ்கலின் ஒருத்திதான். ஆகவே அவருக்கும் ஊருக்கும் நடுவே நின்று பேசுகிற வேலை, கேட்காமலே அவள் தலையில் விழுந்தது.

அவர் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி ஆழம் பார்ப்பார், பித்தளைக் கருவியைக் கண்ணில் வைத்துக் கோணம் எடுப்பார், அறைக்குள் போய்ப் பெரிய காகிதத்தில் மையால் வரைவார். மை காய்ந்ததும், வரைந்த பொருள் இருந்த இடத்தில் இருக்காது. காகிதத்துக்குள் போயிருக்கும்.

முதலில் போனது பேய்க்கல். வள்ளங்கள் கரையேறுகிற வாய்க்கு நேரே, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே பதுங்கிக் கிடந்து தலைமுறைக்கு மூன்று வள்ளத்தையாவது பிளக்கிற கல். ஒரு சனிக்கிழமை வரைந்தார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற நேரத்தில் அது இல்லை. யாரும் வாயைப் பிளக்கவில்லை. பங்குச் சாமியார் நன்றிப் பூசை வைத்தார், வள்ளக்காரர்கள் தெற்கே சுற்றி வருகிற பழைய வழக்கத்தை விட்டு நேராக உள்ளே வர ஆரம்பித்தார்கள். மறுவாரமே கமிட்டி கூடி, இன்னும் எதையெதை வரையச் சொல்லலாம் என்று பட்டியல் போட்டது. ஓடை வாயில் அடைத்துக்கிடந்த மணல்மேடு போனது. கரை ஒதுங்கி நாறிக்கொண்டிருந்த திமிங்கிலம் போனது. பக்கத்து வீட்டுப் பிலவேந்திராள், தன் கொழுந்தன் கடலைப் பார்க்கக் கட்டியிருந்த கக்கூசையும் சேர்க்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள், அதுவும் போனது. கொழுந்தன் மட்டும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான்.

ஆனி மாதம் புகைக்கூண்டு பட்டியலுக்கு வந்தது.

சுண்ணாம்புச் சூளை மூடி நாற்பது வருடமாகிவிட்டது. அதன் புகைக்கூண்டு மட்டும், ஊரிலேயே உயரமாக, மாதா கோயிலின் இரட்டைக் கோபுரங்களை விடவும் உயரமாக, கொஞ்சம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. காற்றடித்தால் செங்கல் உதிர்த்து, பள்ளிக்கூடத்து ஓட்டைப் பொத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குள் போட்டது. ஊர்த்தலைவர் சலேத்து பொன்சேகா கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, “கூண்ட வரையச் சொல்லிருவோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டுமா?” என்று கேட்டார்.

அறுபது ஆம்பிளைகள் இருந்தார்கள், ஒருத்தரும் பேசவில்லை.

இரண்டாம் தடவை கேட்டார். சிலர் கூரையைப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை கேட்டபோது, முடிவைக் கப்பித்தானிடம் போய்ச் சொல்வதற்காக வாசலோரம் நின்ற எஸ்கலின் தன் புருஷன் தஸ்நேவிஸைப் பார்த்தாள். அவன் முட்டியைச் சொறிந்துகொண்டிருந்தான்.

அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. கடலுக்கு நடுவே எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அடியில் பாறை இருக்கிற, மீன் அடைகிற பார் எங்கே என்று கண்டுபிடிக்க, கரையில் முன்னும் பின்னுமாக இருக்கிற இரண்டு அடையாளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாய் வந்து பொருந்துகிறவரை வள்ளத்தை நகர்த்திப் பார்ப்பார்கள். அதற்குக் கணியம் என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணியம். அப்பன் மகனுக்குக் கோயில் வாசற்படியில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லுவான், மகன் பொண்டாட்டிக்கும் சொல்லமாட்டான், செத்தாலும் ஊருக்குச் சொல்லமாட்டான். ஆனால் பதினாலு வருடத்துக்கு முன்னால் தஸ்நேவிஸுக்கு டைபாய்டு வந்து ஒன்பது நாள் பிதற்றினான். ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஒன்பது நாளும் ஒரே வார்த்தைதான் சொன்னான். வடக்குக் கோபுரத்துக்கு மேல கூண்டு, வடக்குக் கோபுரத்துக்கு மேல கூண்டு.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். “இங்கேருங்க, கூண்டு போனா கடல்ல ஒண்ணும் கஷ்டம் இல்லியே?”

தஸ்நேவிஸ் குழம்பை ஊற்றிக்கொண்டான். “எனக்கென்ன கஷ்டம்? பொம்பளைக்கு எதுக்கு அந்தப் பேச்சு?”

“கேட்டது தப்பா?”

“தப்புதான். வாய மூடிக்கிட்டு இரி. சந்தேகப்பட்டு ஒருத்தன் பொருத்திப் பாத்தான்னா நாளைக்கு ஊரே என் பார்ல வந்து...” என்று ஆரம்பித்தவன், மீன்முள் சிக்கினவன் மாதிரி நிறுத்திக்கொண்டான்.

பொம்பளைக்கு எதுக்கு என்ற அந்த ஒரு வார்த்தை, அவள் தொண்டையில் காய்ந்த மிளகாய் மாதிரி ராத்திரி முழுக்க நின்றது. மறுநாள் கப்பல் தட்டில், கப்பித்தான் பித்தளைக் கருவியைத் துடைத்துக்கொண்டே, அவருக்கு வழக்கமில்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். “மேடம், அந்தப் புகைக்கூண்டு யாருக்காவது உபயோகப்படுகிறதா?”

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த நல்ல சுத்தமான இங்கிலீஷில் எஸ்கலின் சொன்னாள். “ஒருத்தருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, கப்பித்தான்.”

சாயங்காலம் மை காய்ந்தது.

திங்கட்கிழமை விடிவதற்குள் இருபத்திமூன்று வள்ளமும் கடலுக்குப் போயின. கூண்டு இல்லாத வானத்தை எல்லாரும் பார்த்தார்கள், ஆனால் ஒருவன் போகாமல் நின்றால், அவன் கணியம் கூண்டுதான் என்று அடுத்தவன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே எல்லாரும் போனார்கள். எட்டு மணிக்குக் கச்சான் என்கிற மேல்காற்று எழும்பியது. மேற்கே தேரிக்காட்டின் சிவப்பு மண்ணை அள்ளிக்கொண்டு ஊர்மேல் ஏறி, கோபுரத்தை மூடி, தென்னையை மூடி, கரையையே மூடிக் கடல்மேல் போயிற்று. கச்சான் மாதத்தில் இது வருடா வருடம் நடப்பதுதான். அந்தச் சிவப்புக்கு மேலே எப்போதும் ஒன்று மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்து வள்ளங்கள் திரும்பும். இப்போது அது முக்கால் மைல் தள்ளி ஒரு காகிதத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் மதியம் வரவில்லை. சாயங்காலம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மதியமும் வரவில்லை. வள்ளத்துக்கு ஒரு குடம் தண்ணீர்தான் கொண்டுபோயிருந்தார்கள். காற்றோ கரையிலிருந்து வெளியே, வெளியே என்று தள்ளிக்கொண்டிருந்தது.

பெண்கள் எல்லாரும் கடற்கரையில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். ஐம்பத்துமூன்று மணி முடிந்து மறுபடி ஐம்பத்துமூன்று மணி. வயதாகிக் கடலுக்குப் போகாத சலேத்து பொன்சேகா அங்கேயும் இங்கேயும் நடந்தார்.

“காத்து திரும்பினா வந்திருவானுவ,” என்றார்.

“காத்து திரும்புததுக்குள்ள அவிய நாக்கு வறண்டு செத்துருவாவ அண்ணே,” என்றாள் பிலவேந்திராள்.

“பின்ன என்ன செய்யச் சொல்லுத? தூசிக்குள்ள கரை தெரியல. அம்புட்டுதான்.”

“ஏன் தெரியல?” என்றாள் எஸ்கலின்.

ஜெபமாலை நின்றது.

“ஏன் தெரியல அண்ணே? போன வருசமும் தூசிதான், அதுக்கு முந்தின வருசமும் தூசிதான். ஏன் தெரியலன்னு ஒருத்தராவது சொல்லுங்களேன்.”

ஒவ்வொருத்தியும் கையிலிருந்த மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எஸ்கலினுக்கு அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க, சனிக்கிழமை கூட்டத்தில் வாய் திறக்காத அறுபது முகங்களும் இவைதான் என்று தோன்றியது, எரிச்சல் எரிச்சலாக வந்தது, தன்மேல் இருந்த எரிச்சல்தான் அதில் பாதிக்கு மேல்.

“சரி, நானே சொல்லுதேன். எங்க வீட்டுக் கணியம் வடக்குக் கோபுரத்துக்கு மேல புகைக்கூண்டு. சொல்லிட்டேன். கேட்டவுக கேட்டுக்கோங்க. கூண்டு யாருக்காவது உபயோகமான்னு கப்பித்தான் என்கிட்ட கேட்டாரு. இல்லைன்னு சொன்னவளும் நான்தான்.”

இனி இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது, புருஷன் உயிரோடு வந்தாலும் வீட்டுக்குள் விடமாட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பிலவேந்திராள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்.

“எங்களுக்குத் தெக்குக் கோபுரம் மதினி. அதுக்கு மேல கூண்டுதான். குடிச்சிட்டு வந்து ஒரு நாள் உளறிட்டாவ.”

“எங்களுக்கு ஐஸ் கம்பெனிக் கூரைக்கு மேல கூண்டு,” என்றாள் ஒருத்தி. அவள் புருஷன் தூக்கத்தில் பேசுகிறவன். பள்ளிக்கூடத்துக்கு மேல கூண்டு என்றாள் இன்னொருத்தி, கல்லறைச் சிலுவைக்கு மேல கூண்டு என்றாள் மற்றொருத்தி. இருபத்திமூன்று வீட்டு இருபத்திமூன்று ரகசியத்திலும் பாதி அந்தச் சாய்ந்த கூண்டு.

சலேத்து பொன்சேகா மணலில் பொத்தென்று உட்கார்ந்தார். “எங்கப்பனுக்கும் கூண்டுதான்,” என்றார். “தலைவனே வேண்டாம்னா ஊருக்குத் தெரிஞ்சிருமேன்னுதாம்மா நானே பட்டியல்ல சேத்தேன்.”

அவரைத் திட்ட எஸ்கலினுக்கு நேரமில்லை. வீட்டுக்கு ஓடினாள். நாலு எலுமிச்சம்பழம், ஒரு கை கல்லுப்பு, ஒரு வெள்ளைத்துணி. கான்வென்ட்டில் வெள்ளைச் சீருடையில் மை கொட்டினால் சிஸ்டர் பெனிக்னா முதலில் பிரம்பால் ஒன்று போடுவார், அப்புறம் எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் கையில் கொடுப்பார். எத்தனை நாள் காய்ந்த மையாக இருந்தாலும் போய்விடும்.

கட்டுமரத்தில் அவளைக் கொண்டுவிட்டது பிலவேந்திராளின் கொழுந்தன். கக்கூசைப் பற்றி அப்போது அவன் பேச்செடுக்கவில்லை.

கப்பித்தான் அறையில் வரைபடம் மேசைமேல் விரித்தபடி இருந்தது. பேய்க்கல் அதில் அரிசியளவு இருந்து, சுற்றிலும் மயிரிழை போல நுரை அடித்துக்கொண்டிருந்தது. திமிங்கிலம் இருந்த மூலையில் நாற்றம். கூண்டு கட்டைவிரல் உயரத்துக்குச் சாய்ந்து நின்று, அவள் பார்க்கும்போதே எள்ளளவு செங்கல் ஒன்றை உதிர்த்தது. சுவரோரம் சுருட்டி அடுக்கியிருந்த மற்ற வரைபடங்களுக்குள்ளிருந்து, பேர் தெரியாத தீவுகளின் சேவல் கூவுவதும், யாரோ ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிடுவதும் கொசுச் சத்தம் போலக் கேட்டன.

“கப்பித்தான், உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். அந்தப் புகைக்கூண்டு எங்களுக்கு வேண்டும். படத்திலிருந்து அதை அழித்துவிடுங்கள்.”

“நான் வரைந்ததை அழிப்பதில்லை, மேடம்.”

“ஏன்?”

“அது அங்கே இருக்கிறது. அதனால்தான் வரைந்தேன்.”

“இருக்கிறதா?” என்றாள் எஸ்கலின். “தூரக்கண்ணாடி வைத்திருக்கிறீர்கள். எடுத்துப் பாருங்கள்.”

அவர் அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த மூன்று மாதத்தில், வரைந்து முடித்த பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்து அவள் கண்டதில்லை. இரண்டு தடவை உலகத்தைச் சுற்றியவர், தாண்டி வந்த ஒரு கரையையும் மறுபடி பார்த்ததில்லை.

“அறுபது பேர் கப்பித்தான். ஒன்றரை நாளாயிற்று. அதில் ஒருவர் என் கணவர். உங்கள் படம் சரியென்றால் பார்ப்பதற்கு என்ன பயம்?”

கப்பித்தான் தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். தூசிக்கு மேலே, கூண்டு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வானம் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அப்புறம் கண்ணாடியை இறக்கவே இல்லை, அவர் தோள் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. அவருக்குப் பின்னால் எஸ்கலின் எலுமிச்சம்பழத்தைப் பல்லால் கடித்துப் பிய்த்து, உப்பைத் தூவி, சாற்றைப் பிழிந்து, துணியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு தேய்த்தாள். கறுப்பு பழுப்பாயிற்று. பழுப்பு மஞ்சளாயிற்று. மாதாவே, சீக்கிரம், சீக்கிரம் என்று தேய்த்தாள்.

கப்பித்தானிடமிருந்து ஒரு முனகல் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, சிவப்புத் தூசிக்கு மேலே, சாய்ந்த கூண்டு தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

குனிந்து பார்த்தவளுக்கு உயிர் போயிற்று. கப்பல் ஆடிய ஆட்டத்தில் சாறு காகிதத்தில் வழிந்து ஓடி, மணல்மேட்டைத் தொட்டு, திமிங்கிலத்தைத் தொட்டு, பேய்க்கல்லை நனைத்திருந்தது. அரிசியளவு கல் அவள் கண்ணுக்கு முன்னால் கரைந்து, நுரையோடு கடலுக்குத் திரும்பிப் போயிற்று. கூண்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் மூன்று மாதப் பழக்கத்தில் நேரே உள்ளே வருவார்கள். நேரே கல்மேல்.

“உங்கள் படகு வேண்டும்,” என்றாள். “இப்போதே. அதில் இருக்கிற சிவப்புக் கொடியும்.”

கப்பித்தான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் வரைபடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, மேடம்.”

“ஓட்டை இல்லை. அங்கேதான் நாங்கள் இருக்கிறோம்.” படியில் கால் வைத்தவள் திரும்பி, மிச்சம் இருந்த இரண்டு எலுமிச்சம்பழத்தையும் உப்புப் பொட்டலத்தையும் மேசைமேல் வைத்தாள். சுவரோரச் சுருளுக்குள் சேவல் ஒன்று கூவியது. “உப்பை முதலில் தூவவேண்டும். தேய்த்தபின் வெயிலில் காயவையுங்கள்,” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மாலுமிகள் அவளைப் பேய்க்கல்லின்மேல் இறக்கிவிட்டு, அலைக்குப் பயந்து விலகிப் போனார்கள். பாசியில் கால் வழுக்கியது. தண்ணீர் முட்டிவரை வந்தது, அலை வந்தால் இடுப்புவரை. அவள் ராஜாவின் கொடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தாறு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலுக்குள் நின்றாள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே வந்தது. கை மரத்துப்போயிற்று. ஒன்றும் வரவில்லை. அலையை எண்ணினாள். எண்ணிக்கை மறந்தது. முதலிலிருந்து எண்ணினாள்.

அப்புறம் ஒரு பாய் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. காற்றுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாகப் பாயை மாற்றி மாற்றி ஓட்டி வந்து, வாய்க்குக் கிட்டே வந்ததும் பாயை இறக்கித் துடுப்பு போட்டு, முதல் வள்ளம் நேரே அவளைப் பார்த்து வந்தது. முன்முனையில், அணியத்தில் நின்றவன் தஸ்நேவிஸ்.

“ஏட்டி! கடலுக்கு நடுவுல உனக்கு என்ன சோலி?”

“கல்லு திரும்பி வந்துட்டு! தெக்க ஒடிங்க! தெக்க!”

அவன் கண் அவள் முழங்காலுக்குப் போயிற்று. கால் தண்ணீரில் நிற்கிறதென்றால் காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அவனுக்குப் புரிந்தது. வள்ளம் ஒரு கை அகலத்தில் கல்லைத் தாண்டித் தெற்கே ஒதுங்கியது. அதன் பின்னால் மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கொடியைப் பார்த்து ஒடித்தன. எஸ்கலின் வாய்விட்டு எண்ணினாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில், பாய் கிழிந்து, துடுப்பு ஒன்றோடு, பிலவேந்திராளின் புருஷன் வந்தான். இருபத்திமூன்று.

தஸ்நேவிஸ் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்து அவளை இழுத்து உள்ளே போட்டான். அவன் உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

“கூண்டு எப்பிடித் திரும்பி வந்துது?”

“நான் கொண்டுவந்தேன்.”

“நம்ம... கணியம்...”

“ஊரு பூராவும் சொல்லிட்டேன். வடக்குக் கோபுரத்துக்கு மேல கூண்டு. அவுங்களும் அவுங்க அவுங்களுதச் சொல்லிட்டாவ. எல்லாத்துலயும் கூண்டுதான்.”

அவன் துடுப்பை நிறுத்தினான். “உனக்கு எப்பிடித் தெரியும்?”

“டைபாய்டு. பதினாலு வருசமாச்சு.”

“பதினாலு வருசம் வாயத் தொறக்கலியா நீ?” அவன் அவளை ஒரு புது அடையாளத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “கூட்டத்துலயாவது சொல்லியிருக்கலாமேட்டி.”

“நீங்க முட்டியச் சொறிஞ்சிக்கிட்டிருந்தீக,” என்றாள் எஸ்கலின். “கப்பித்தான் கேட்டப்போ நானும் சொல்லல. எனக்கும் அதே சொறிதான்.”

வெளியே அந்தக் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்து ஜன்னலில், கடைசி வெயிலில் காய்வதற்காக யாரோ ஒரு பெரிய ஈரக் காகிதத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. கப்பல், இனி வரையவேண்டிய பக்கமாக அல்ல, தான் வரைந்து முடித்துவிட்டு வந்த தீவுகளின் பக்கமாகத் திரும்பியது.

வள்ளங்கள் கரையை நெருங்கும்போது கச்சான் ஒரு மூச்சு வேகமாக அடித்தது. கூண்டு ஒரு செங்கல்லை உதிர்த்தது. ஓடு உடைகிற சத்தம் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. இருபத்திமூன்று வள்ளத்திலும் துடுப்புகள் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தஸ்நேவிஸ் அணியத்தில் எழுந்து நின்று, வெடித்த உதட்டோடு, எல்லா வள்ளத்துக்கும் கேட்கிறமாதிரி உரக்கச் சொன்னான்.

“பள்ளிக்கூடத்து ஓட்ட நாளைக்கு நான் மாத்துதேன். கூண்டு நிக்கட்டும்.”